சீலா கடிக்கும், கொடுவா அறுக்கும், கெளுத்தி குத்தும்: தூண்டில்காரர் கைக்கு ஒரு வழிமுறை

கையில் ஏற்கெனவே ரத்தம் ஓடிக்கொண்டிருந்தால் இந்த முன்னுரை வேண்டாம். நேராக 'ரத்தம் நிற்கவில்லை' என்ற இடத்துக்குப் போங்கள். குத்திய இடம் நெருப்பு வைத்த மாதிரி எரிந்தால் 'ஊசிக் குத்துதான், ஆனால் உயிர் போகிறது' என்ற பகுதி. மற்றவர்கள் வரிசையாகவே வரலாம்.

நான் மீனவன் இல்லை. திருவொற்றியூரில் வளர்ந்தவன். வேலை நாளில் கம்ப்யூட்டர் முன்னாலும், ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் தூண்டில் வளைவுப் பாறை (கடலரிப்பைத் தடுக்கக் கடலுக்குள் கொட்டிய கல் வரிசை) மேலும் உட்கார்ந்திருக்கிற ஆள். கையைக் கிழித்துக்கொள்வது பெரும்பாலும் என் மாதிரி ஆட்கள்தான். காசிமேட்டில் தினமும் மீனைக் கையாளுகிறவர்கள் எந்த மீனுக்கு எங்கே ஆயுதம் என்று யோசிக்காமலே தெரிந்து வைத்திருப்பார்கள். நமக்கு அது தெரியாது. போதாததற்கு வீடியோ வேறு பார்க்கிறோம்.

என் கதை அப்படித்தான். ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் ஏரி, ஆறுகளில் பைக் என்று ஒரு மீன் உண்டு. நீண்ட உடம்பு, வாத்து மூக்கு மாதிரி வாய், அது நிறைய உள்நோக்கிச் சாய்ந்த பல். அதைப் பிடிக்கிறவர்கள் செவுள் மூடிக்கு அடியில் தாடையோரமாக விரலை நுழைத்து, செவுளைத் தொடாமல், முன்னே கொண்டுபோய்த் தாடை சேரும் இடத்தில் பிடித்துத் தூக்குவார்கள். மீன் வாயைத் திறந்து காட்டும், நீண்ட மூக்குக் குறடால் கொக்கியைக் கழற்றுவார்கள். பார்க்க ரொம்ப அழகு. எண்ணூர் முகத்துவாரத்தில் இரண்டு கிலோ கொடுவா ஒன்று மாட்டியபோது அதே அழகை நானும் செய்து பார்த்தேன். மீன் ஒரே ஒரு முறை தலையை உதறியது. நடுவிரலில் முதல் கணுவிலிருந்து இரண்டாம் கணு வரைக்கும் தோல் பிளந்து வெள்ளையாகத் தெரிந்தது, அப்புறம்தான் ரத்தம் வந்தது. பக்கத்துப் பாறையில் உட்கார்ந்திருந்த பெரியவர் எழுந்துகூட வரவில்லை. "பல்லு இல்லாத மீனுன்னு வெரல வுட்டியா தம்பி? அதுக்குக் கத்தி கன்னத்துல கீது" என்றார்.

இந்தக் கட்டுரையே அந்த ஒரு வரியின் விரிவுரைதான். ஒரு மீனுக்குப் பொருந்துகிற பிடி இன்னொரு மீனுக்குப் பொருந்தாது.

ஒரு சொல் விளக்கம். மீனுக்கும் முள், தூண்டிலுக்கும் முள் என்றுதான் நாம் சொல்கிறோம். குழப்பம் வேண்டாம் என்று தூண்டில் முள்ளை இங்கே கொக்கி என்றே எழுதுகிறேன். கொக்கி நுனிக்குக் கீழே பின்பக்கமாகத் துருத்திக்கொண்டிருக்கும் சின்ன முள்ளை எதிர்முள் என்கிறேன். நரம்பு என்று சொல்வது தூண்டில் நூலை.

பையில் என்ன இருக்க வேண்டும்

நீண்ட மூக்குக் குறடு ஒன்று. கொக்கித் தண்டை நறுக்கக்கூடிய கட்டர் ஒன்று. வீட்டு வேலைக்கு வாங்கிய சின்ன கட்டர் பெரிய கொக்கியில் பல் உடையும், ஆகவே உங்களிடம் இருக்கும் பெரிய கொக்கி ஒன்றை வீட்டிலேயே நறுக்கிப் பார்த்துவிடுங்கள். கோணிச் சாக்கில் வெட்டிய இரண்டடித் துண்டு. இரண்டு லிட்டர் குடிதண்ணீர், குடிக்க அல்ல, கழுவ. சுத்தமான பழைய வேட்டித் துணியும் பேண்டேஜும். இரவில் போனால் தலையில் மாட்டும் டார்ச். போன் வெளிச்சத்தை வாயில் கவ்விக்கொண்டு கொக்கி கழற்றுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், அவர்களுக்காகத்தான் இந்த வாக்கியம்.

இதைவிட முக்கியமான வேலை வீட்டிலேயே முடியும். குறடால் எதிர்முள்ளை அமுக்கித் தட்டையாக்கிவிடுங்கள். நரம்பைத் தொய்ய விடாமல் இழுத்தால் மீன் போகாது. மீன் வாயிலிருந்தும் சரி, உங்கள் விரலிலிருந்தும் சரி, வழுக்கிக்கொண்டு வெளியே வரும்.

அறிகுறி: மீன் கையில் நிற்கவில்லை, துள்ளித் துள்ளி வழுக்குகிறது

உலர்ந்த கையால் இறுக்கிப் பிடிப்பதுதான் காரணம். எவ்வளவு இறுக்குகிறோமோ அவ்வளவு துள்ளும். மீனைப் பாறை மேல் போடாதீர்கள். ஈரச் சாக்கின் மேல் கிடத்தி, சாக்கின் மறுபாதியைத் தலை மேல் போட்டுக் கண்ணை மூடிவிடுங்கள். கண் மறைந்தால் பெரும்பாலான மீன்கள் கொஞ்சம் அடங்கும். அப்புறம் சாக்கோடு சேர்த்து, தலைக்குப் பின்னால், முதுகுப் பக்கத்திலிருந்து உள்ளங்கையை வைத்து அமுக்குங்கள். இழுத்துப் பிடிக்க வேண்டாம், அமுக்கினால் போதும்.

மீனைத் திரும்ப விடப் போகிறீர்கள் என்றால் சாக்கையும் கையையும் நன்றாக நனைத்துக்கொள்ளுங்கள். உடம்பின் மேல் உள்ள வழவழப்புதான் அதற்குத் தோல் மேல் தோல். காய்ந்த துணி அதை உரித்துவிடும்.

அறிகுறி: வாயைத் திறந்தால் பல், கை போகவே பயமாக இருக்கிறது

நல்ல பயம். சீலாவுக்குக் கத்தி முனை மாதிரி பற்கள், மேல் தாடையில், கீழ்த் தாடையில், உள்ளே அண்ணத்திலும்கூட. வாளைக்கு முன்பல் ஒவ்வொன்றும் கொக்கி மாதிரி நுனி வளைந்திருக்கும். செத்த வாளையும் அறுக்கும். பெட்டியில் ஐஸுக்கு அடியில் கையை விட்டுத் துழாவி அறுத்துக்கொண்டவன் என்ற முறையில் சொல்கிறேன். ரெட்டேரிப் பக்கம் நன்னீரில் போடுகிறவர்களுக்கு விரால். அதன் பல் சின்னது, ஆனால் கவ்வினால் விடாது.

இவை எல்லாவற்றுக்கும் விதி ஒன்றுதான்: விரல் உதட்டைத் தாண்டக் கூடாது. தலைக்குப் பின்னால் சாக்கோடு அமுக்கி, குறடால் கொக்கியின் வளைவைப் பிடித்து, வந்த வழியே பின்னோக்கித் திருப்புங்கள். சீலா தாடையை மூடிக்கொண்டிருந்தால் பொறுங்கள், மூச்சுக்குத் தானாகத் திறக்கும். குறடு ஆறு அங்குலத்துக்குக் குறைவாக இருந்தால் உங்கள் விரல் கணு மீனின் பல் வரிசைக்கு நேரே நிற்கும். குறட்டின் நீளம்தான் உங்கள் பாதுகாப்பு.

உதட்டைக் கவ்வும் பிடிகருவி பல்லுள்ள மீனுக்கு நல்லதுதான். ஆனால் அதை மாட்டிவிட்டுக் கைப்பட்டையை மணிக்கட்டில் சுற்றிக்கொள்ளாதீர்கள். மீன் சுழன்றால் மணிக்கட்டும் சுழலும்.

பேத்தையைத் தனியாகச் சொல்ல வேண்டும். முகத்துவாரத்தில் இரையை மென்று நரம்பையும் வெட்டிவிட்டுப் போகிற அந்த உப்பின மீனைப் பார்த்தால் குழந்தைகளுக்குச் சிரிப்பு வரும், தொடக் கையை நீட்டுவார்கள். கிளி மூக்கு மாதிரி இருக்கிற அந்தப் பல் நண்டு ஓட்டை நொறுக்கும், கொக்கியையே வெட்டும். விரல் நுனி அதற்குப் பெரிய விஷயம் இல்லை. கொக்கி கிட்டே வரவில்லை என்றால் நரம்பை அறுத்து விட்டுவிடுங்கள். ஒரு கொக்கி என்ன விலை? வீட்டுக்கும் எடுத்துப் போகாதீர்கள். அதன் விஷம் சமைத்தாலும் போகாது.

விரல் ஏற்கெனவே மீன் வாய்க்குள் மாட்டிவிட்டதா? வெடுக்கென்று இழுக்கத்தான் தோன்றும். இழுத்தால் துளையாக இருப்பது கிழிசலாகும். மீனைத் தரையில் அமுக்கி, குறட்டு மூக்கை வாயோரத்தில் நுழைத்துத் தாடையை விரித்து, விரலை நேராக எடுங்கள். சொல்வது எளிது என்று தெரியும். பக்கத்தில் ஆள் இருந்தால் அவரைச் செய்யச் சொல்லுங்கள்.

அறிகுறி: பல்லே தெரியவில்லை, ஆனாலும் கை அறுந்தது

இது என் கேஸ். கொடுவாவின் வாய்க்குள் கட்டை விரலை விட்டுப் பார்த்தால் உப்புத்தாள் மாதிரி சொரசொரப்புதான். அதனால் கீழுதட்டைக் கட்டை விரலால் பிடித்துத் தூக்குவது இந்த மீனுக்குச் சரியான பிடி, வாயில் லூர் (கொக்கி மாட்டிய செயற்கை இரை) தொங்கவில்லை என்றால். ஆயுதம் கன்னத்தில் இருக்கிறது. செவுள் மூடிக்கு முன்னால் உள்ள எலும்பின் கீழ் விளிம்பில் ரம்பம் மாதிரி பல், மூலையில் தடித்த முள் ஒன்று. மேலே, பக்கக்கோடு தொடங்கும் இடத்துக்கு அருகிலும் ஒரு சின்ன முள். மீனை ஈரத்தோடு பார்த்தால் வெறும் வெள்ளி விளிம்பு மாதிரிதான் தெரியும். வெட்டிய தலையை வெயிலில் காயவைத்துப் பார்த்தேன். அதற்கப்புறம் செவுளுக்குக் கிட்டே என் விரல் போனதில்லை.

பைக் வீடியோவில் செய்கிற செவுள் பிடி இங்கே ஏன் தோற்கிறது என்று இப்போது புரிந்திருக்கும். பைக்கின் செவுள் மூடி விளிம்பு வழவழப்பானது, ஆபத்து உள்ளே பல்லிலும் செவுள் வளைவிலும். கொடுவாவுக்கு அப்படியே தலைகீழ்.

பாரை மீனை வாலைப் பிடித்துத் தூக்குவதும் இதே வகைத் தப்பு. வால் குறுகும் இடத்தில் இரு பக்கமும் கெட்டிச் செதில் வரிசை, தொட்டால் ரம்பம். பின்னோக்கி வழுக்கினால் உள்ளங்கையில் கோடு போடும். சாக்கைச் சுற்றித் தூக்குங்கள்.

அறிகுறி: கிளவுஸ் போட்டிருந்தேன், அப்படியும் குத்திவிட்டது

கடையில் 'வெட்டாத கிளவுஸ்' என்று விற்பது கத்தி விளிம்புக்கு. ஊசி முனைக்கு அல்ல. பின்னல் நூலின் கண்ணி வழியே கெளுத்தி முள் தாராளமாகப் போகும். நூல் கிளவுஸில் இன்னொரு வம்பு உண்டு: கொக்கி அதில் மாட்டினால் வராது. ஒரு முனை மீனில், ஒரு முனை கிளவுஸில், மீன் துள்ளும்போது கையும் சேர்ந்து போகும். கிளவுஸே வேண்டாம் என்று சொல்லவில்லை. உள்ளங்கையில் ரப்பர் பூசிய கிளவுஸ் வழுக்கலுக்கும் உராய்வுக்கும் நல்லது, கொடுவா கன்னத்துக்கும் ஓரளவு தாங்கும். ஆனால் அதைப் போட்டதும் ஒரு தைரியம் வருகிறதே, அந்தத் தைரியம்தான் குத்து வாங்கித் தருகிறது.

கெளுத்திக்கு மூன்று முள்: முதுகில் ஒன்று, மார்புத் துடுப்பில் பக்கத்துக்கு ஒன்று. மூன்றையும் விரித்துப் பூட்டிக்கொள்ளும், நீங்கள் மடக்க முடியாது. முள்ளின் ஓரம் ரம்பம், மேலுறையில் விஷம். சின்னக் கெளுத்தியைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். சின்னதின் முள் கூராக இருக்கும், உள்ளங்கைக்குள் அடங்குகிற அளவு என்பதால் கையும் தானாகப் போகும். இருங்கெளுத்தியும் நன்னீரில் கிடைக்கும் தேளியும் இன்னும் மோசம்.

கெளுத்தியைத் தொடாமலே கழற்றலாம். இதை நன்றாகப் பழகிக்கொள்ளுங்கள். இடது கையில் நரம்பை மீனுக்கு ஒரு அடி மேலே பிடித்துத் தொங்க விடுங்கள். வலது கையில் உள்ள குறடால் கொக்கித் தண்டைக் கவ்வுங்கள். இப்போது இடது கையைத் தாழ்த்தி, குறடைத் தலைகீழாகத் திருப்புங்கள். கொக்கியின் வளைவு மேலே வரும், நுனி கீழ் நோக்கும், மீனின் எடை அதைக் கொக்கியிலிருந்து கீழே இழுக்கும். குறடை இரண்டு முறை குலுக்கினால் மீன் வாளிக்குள் விழும். எதிர்முள் அமுக்கிய கொக்கியில் ஒரே குலுக்கல். வாளி காலுக்குத் தள்ளி இருக்கட்டும். செருப்புப் பாதத்தில் விழுந்த கெளுத்தியைப் பற்றி இன்னொரு கட்டுரை எழுதலாம்.

ஓராவை அழகான மீன் என்று நினைத்துக் கையில் எடுப்பார்கள். முதுகில் 13, அடிவயிற்றுப் பின்துடுப்பில் 7, வயிற்றுத் துடுப்பு ஒவ்வொன்றிலும் இரண்டு என்று முழுக்க விஷ முள். எந்தப் பக்கமும் கைக்கு இடம் இல்லை. கெளுத்திக்குச் சொன்ன முறையே இதற்கும். திருக்கை மாட்டினால் கரைக்கு இழுக்கவே வேண்டாம், நரம்பை வெட்டுங்கள். வால் முள் உங்கள் கையை நோக்கித்தான் வளையும்.

ஜிலேபிக்கு விஷம் இல்லை, முதுகு முள் மட்டும். தலையிலிருந்து வால் பக்கமாகத் தடவிக்கொண்டே பிடித்தால் முள் மடங்கிவிடும். மடவைக்கும் சங்கராவுக்கும் அதே.

அறிகுறி: கொக்கி தொண்டைக்குள்ளே, தண்டுகூடத் தெரியவில்லை

விரலை விடாதீர்கள், தோண்டாதீர்கள். சமைக்கிற மீன் என்றால் அவசரம் என்ன? நரம்பை வெட்டிவிட்டு மீனை ஐஸில் போடுங்கள், வீட்டில் தலையைப் பிளக்கும்போது கொக்கி வரும். வெட்டுகிற அக்காவிடம் கொடுப்பதானால் 'உள்ளே கொக்கி இருக்கு அக்கா' என்று மறக்காமல் சொல்லுங்கள். அவர் கையும் கைதான். விடுகிற மீன் என்றால் வாயருகே நரம்பை நறுக்கி விட்டுவிடுவது தோண்டிக் கிழிப்பதைவிட மேல்.

அறிகுறி: விரலில் நரம்பு அறுத்த கோடு

கைத்தூண்டில் போடுகிறவர்களுக்கு இது தெரியும். மெல்லிய பின்னல் நரம்பு தங்கூஸைவிட (ஒற்றை இழை நைலான் நரம்பு) மோசம், பிளேடு மாதிரி இறங்கும். அடியில் பாறையில் சிக்கினால் நரம்பைக் கையில் சுற்றி இழுக்காதீர்கள். ஒரு கட்டையில் நாலு சுற்றுச் சுற்றிக் கட்டையைப் பிடித்து இழுங்கள். ஆள்காட்டி விரலுக்குச் சைக்கிள் டியூபில் இரண்டு அங்குலம் வெட்டி மாட்டிக்கொண்டால் போதும், விலை கொடுத்து எதுவும் வாங்க வேண்டாம்.

அறிகுறி: கொக்கி என் விரலில் ஏறிவிட்டது

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, விசைப்படகுகள் கடலுக்குப் போகாத அந்த 61 நாளில், மீன் விலையும் ஏறும், தூண்டில் வளைவில் கூட்டமும் ஏறும். தோளோடு தோள் நின்று வீசும்போது அடுத்தவர் கொக்கிகூட நம் காதில் ஏறலாம். ஆனால் நான் பார்த்ததில் பாதிக்கு மேல் லூரில்தான். மும்முனைக் கொக்கி இரண்டு தொங்குகிற லூர், ஒன்று மீன் வாயில், இன்னொன்று சும்மா ஆடிக்கொண்டிருக்கும். மீன் துள்ளுகிற நொடியில் அந்தச் சும்மா கொக்கி விரலில். லூரில் மாட்டிய மீனை எடுக்கும்போது முதல் வேலை, சும்மா இருக்கும் கொக்கியைச் சாக்கால் மூடுவது.

ஏறிவிட்டால் முதலில் மீனிலிருந்து உங்களைப் பிரியுங்கள். நரம்பை வெட்டி, லூரைக் கழற்றி, மீதிக் கொக்கிகளை நறுக்குங்கள். அப்புறம் பாருங்கள்.

எதிர்முள் தோலுக்கு வெளியே இருந்தாலும், முன்பே அமுக்கியிருந்தாலும், வந்த வழியே எடுங்கள். முடிந்தது.

எதிர்முள் உள்ளே போயிருந்தால், இடம் சதைப்பற்றானதாக இருந்தால் மட்டும், நூல் முறை உண்டு. ஒன்றரை அடி கெட்டி நூலை கொக்கியின் வளைவில் மாட்டி, இரு முனையையும் மற்றவர் கையில் சுற்றிக்கொள்ளட்டும். காயப்பட்ட கை ஆடாமல் ஒரு பெட்டி மேல் இருக்க வேண்டும். கொக்கியின் கண் (நரம்பு கட்டும் துளை) பக்கத்தைத் தோலோடு ஒட்டக் கீழே அமுக்குங்கள். அமுக்கும்போது உள்ளே எதிர்முள் சதையிலிருந்து விலகும். அமுக்கியதை விடாமல், நூலைத் தோலுக்கு இணையாக, கண் இருக்கும் பக்கத்துக்கு நேர் எதிர்த் திசையில் ஒரே வெட்டாக இழுக்க வேண்டும். தயங்கி இழுத்தால் வலி மட்டும் மிச்சம். கொக்கி பறந்து போகும், அதனால் நேரே யாரும் நிற்கக் கூடாது, கண்ணாடி இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள்.

கண், கண் ஓரம், முகம், கழுத்து, விரல் மூட்டு, மணிக்கட்டு, இந்த இடங்களில் எதையும் செய்யாதீர்கள். கொக்கி ஆடாமல் துணி வைத்துக் கட்டி மருத்துவமனைக்குப் போங்கள். நுனியை முன்னே தள்ளி எதிர்முள்ளை நறுக்கி எடுக்கும் முறையை மருத்துவர் மரக்க ஊசி போட்டுச் செய்வார். பாறை மேல் பல்லைக் கடித்துக்கொண்டு செய்வதில் வீரம் ஒன்றும் இல்லை.

அறிகுறி: ரத்தம் நிற்கவில்லை

சுத்தத் துணியை மடித்துக் காயத்தின் மேல் வைத்து அழுத்துங்கள். கை நெஞ்சுக்கு மேலே இருக்கட்டும். கடிகாரம் பார்த்துப் பத்து நிமிடம். நடுவில் 'நின்றுவிட்டதா' என்று எடுத்துப் பார்க்கக் கூடாது, பார்த்தால் மறுபடி ஒன்றிலிருந்து. துணி நனைந்தால் அதன் மேலேயே இன்னொன்று.

நின்ற பிறகு கொண்டுபோன குடிதண்ணீரில் நிறையக் கழுவுங்கள், சோப்பு இருந்தால் சோப்பும். முகத்துவாரத் தண்ணீரில் கழுவாதீர்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் மிதந்து வந்ததை எண்ணூர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எண்ணெய் இல்லாத நாளிலும் அது காயம் கழுவும் தண்ணீர் அல்ல. சூப்பர் க்ளூ ஊற்றி ஒட்டுவது, புகையிலை அடைப்பது, காப்பித்தூள் அப்புவது எதுவும் வேண்டாம். உள்ளே அழுக்கை வைத்துக் கதவைச் சாத்துகிற வேலை அது.

விரல் மடங்கவில்லை, நீளவில்லை, ஒரு பக்கம் மரத்துவிட்டது, வாய் பிளந்து நிற்கிறது, அல்லது பத்து நிமிடம் அழுத்தியும் வழிகிறது என்றால் அன்றைக்கே மருத்துவமனை. ராயபுரம், காசிமேடு பக்கம் என்றால் ஸ்டான்லி அரசு மருத்துவமனை இருக்கிறது. கடைசியாக டெட்டனஸ் ஊசி போட்டு 5 வருடத்துக்கு மேல் ஆகியிருந்தால் இந்த வகை அழுக்குக் காயத்துக்கு மறுபடி போட வேண்டும். எப்போது போட்டோம் என்றே நினைவில்லையா, அதையே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

அறிகுறி: ஊசிக் குத்துதான், ஆனால் உயிர் போகிறது

கெளுத்தி, ஓரா, திருக்கை. காயம் ஒரு புள்ளி, வலி தோள் வரை. இங்கே வேலை செய்வது சூடு. இந்த விஷங்கள் புரதம், சூட்டில் கெடும். குத்திய கையைச் சுமார் 45 டிகிரி வெந்நீரில், வலி குறையும் வரை, அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் வரை வைத்திருக்க வேண்டும்.

தெர்மாமீட்டருக்கு எங்கே போவது? டீக்கடையில் கொதிக்கிற தண்ணீர் ஒரு டம்ளர் வாங்கி, மூன்று டம்ளர் பச்சைத் தண்ணீரில் ஊற்றினால் கிட்டத்தட்ட அந்தச் சூடு வரும். குத்திய கையால் சூடு பார்க்காதீர்கள். அதில் வலி மட்டும்தான் தெரியும், வெந்து போனாலும் தெரியாது. மற்ற கையை முதலில் விட்டுப் பாருங்கள், கூட வந்தவர் கையும் தாங்க வேண்டும். சர்க்கரை நோயால் விரல் மரத்தவர்கள் கட்டாயம் அடுத்தவர் கையை நம்புங்கள். ஆறும்போது கையை எடுத்துவிட்டு வெந்நீர் சேர்த்து, கலக்கி, மறுபடி பார்த்து வையுங்கள்.

விரலில் மோதிரம் இருந்தால் இதற்கெல்லாம் முன்னால் கழற்றுங்கள். அரை மணியில் வீங்கிவிடும், அப்புறம் மோதிரத்தை வெட்டித்தான் எடுக்க வேண்டும். வாயால் உறிஞ்ச வேண்டாம், கயிறு கட்ட வேண்டாம். முள் முனை உள்ளே உடைந்திருக்கிற மாதிரி நெருடினால், குத்து மூட்டில் பட்டிருந்தால், மூச்சு வாங்கினால், உடம்பில் தடிப்பு வந்தால், வெந்நீரோடு நிற்காமல் 108.

அறிகுறி: இருட்டில் ஏதோ கடித்தது, வலியே இல்லை

இதுதான் எனக்கு மிகவும் பயம் தருவது. இரவில் நரம்பில் நெளிந்து வருவதை விலாங்கு என்று நினைத்துக் கை வைப்பார்கள். டார்ச் அடித்து வாலைப் பாருங்கள். துடுப்பு மாதிரி தட்டையான வால், உடம்பு முழுக்கச் செதில் என்றால் கடல் பாம்பு. விலாங்குக்கு முதுகுத் துடுப்பு நீளமாக ஓடி வாலைச் சுற்றி வரும். கடல் பாம்புக் கடி பல நேரம் எறும்புக் கடி அளவுகூட வலிக்காது. அரை மணியிலிருந்து சில மணி நேரத்தில் உடம்பெல்லாம் தசைவலி, விறைப்பு, அப்புறம் சிறுநீர் கறுப்பாகப் போகும். அதுவரை காத்திருக்கக் கூடாது. வெந்நீர் இதற்கு உதவாது. கையை அசைக்காமல் வைத்துப் பெரிய மருத்துவமனைக்குப் போங்கள், 'கடல் பாம்பு' என்று தெளிவாகச் சொல்லுங்கள். இங்கே வழக்கமாகக் கிடைக்கும் விஷமுறி மருந்து நான்கு தரைப் பாம்புகளுக்கானது.

அறிகுறி: அன்றைக்கு ஒன்றுமில்லை, இப்போது வீங்குகிறது

எத்தனை நாள் கழித்து என்பதுதான் இதில் துப்பு.

ஒரே நாளுக்குள் வீக்கம் கண்முன்னே ஏறி, தோல் நீலமோ கறுப்போ ஆகி, ரத்தக் கொப்புளம் வந்து, காய்ச்சலும் அடித்தால் ஒரு மணி நேரம்கூடத் தள்ளாதீர்கள். சூடான உப்புத் தண்ணீரில் வாழும் விப்ரியோ கிருமியாக இருக்கலாம். ஈரல் நோய் உள்ளவர்கள், தினம் குடிக்கிறவர்கள், சர்க்கரைக்காரர்கள் இவர்களை அது வேகமாகத் தாக்கும். இந்த மூவரும் ஆறாத புண்ணோடு முகத்துவாரத்தில் கையே வைக்கக் கூடாது.

விரல் முழுக்க ஒரே சீராக வீங்கி, மடங்கியபடியே நின்று, நீட்டினால் உயிர் போகிறதா? விரலை மடக்கும் தசைநாணின் உறைக்குள் சீழ் பிடித்திருக்கலாம். அன்றிரவே போக வேண்டிய விஷயம், மாத்திரை வாங்கிப் போட்டுத் தூங்கினால் விரல் மடங்காமலே போகும்.

இரண்டு நாளிலிருந்து ஒரு வாரத்துக்குள், குத்திய இடத்தைச் சுற்றிச் செவ்வூதாப் படை, தெளிவான விளிம்பு, எரிச்சல், அரிப்பு, ஆனால் சீழ் இல்லை. மீன் கையாளுகிறவர்களுக்கு வருகிற தோல் தொற்று இது, இறால் கொம்பு குத்தினாலும் வரும். பென்சிலின் வகை மருந்தில் சரியாகும்.

கடைசியாக, யாரும் மீனோடு தொடர்புபடுத்திப் பார்க்காத ஒன்று. குத்து ஆறிப்போய் இரண்டு, மூன்று, நான்கு வாரம் கழித்து அதே இடத்தில் வலிக்காத சிவப்புக் கட்டி. அப்புறம் அதிலிருந்து புறங்கை, முன்கை என்று வரிசையாக மேலே ஏறும். காசநோய்க் கிருமியின் உறவுக்காரக் கிருமி ஒன்று தண்ணீரில் இருக்கிறது, அதன் வேலை. சாதாரண ஐந்து நாள் மாத்திரைக்கு அடங்காது, மாதக் கணக்கில் மருந்து வேண்டும். மருத்துவர் பார்த்ததும் பெரும்பாலும் வேறு ஏதோ என்றுதான் நினைப்பார். தப்பு அவருடையது இல்லை, ஒரு மாதத்துக்கு முன்னால் மீன் முள் குத்தியதை நாம்தான் மறந்துபோய்ச் சொல்லாமல் விடுகிறோம். நான் இப்போது குத்து வாங்கினால் என்ன மீன், என்ன தேதி, எந்த விரல் என்று போனில் குறித்துக்கொள்கிறேன். போன மாதக் குறிப்பில் மூன்று வரி இருக்கிறது, மூன்றும் கெளுத்தி.